நண்பர் அனுப்பிய சுருட்டுப் பெட்டி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 56. கணக்காளர். முன்பு பல வருடங்கள் கட்டாரில் வேலை செய்தவர். அங்கே அறை நண்பராக இருந்த ஒருவர் மூலம் கியூபச் சுருட்டில் ஈடுபாடு வந்தது. இருவரும் அதை ஒரு கலையாகவே பயின்றிருக்கிறார்கள்: எந்தப் பிரதேசத்து இலை, மேலிலை எந்த நிறம், எத்தனை வருடம் பழுத்தது என்றெல்லாம் குறிப்புப் புத்தகம் வைத்து எழுதுவார்களாம். கொழும்புக்குத் திரும்பிய பிறகும் சனிக்கிழமை மாலைகளில் ஒரு சுருட்டு என்ற வழக்கம் தொடர்ந்தது. நண்பர் இப்போது ரொறன்ரோவில். ஐந்து மாதங்களுக்கு முன் இரத்த அழுத்தம் ஏறியதால், வைத்தியர் சொன்னபடி வாசகர் நிறுத்திவிட்டார். ஆனால் அதை நண்பரிடம் சொல்லவில்லை.

போன மாதம் நண்பரின் மைத்துனர் விடுமுறையில் வந்தபோது ஒரு பார்சலைக் கொடுத்தார். உள்ளே 25 சுருட்டுகள் கொண்ட மரப்பெட்டி, பிறந்தநாள் வாழ்த்து. முன்னறிவித்தல் எதுவும் இல்லை. ஆஸ்துமா உள்ள மனைவி, “இன்றைக்கே குப்பையில் போடுங்கள்” என்கிறார். பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கும் 19 வயது மகனுக்கும் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுக்கும்படி நண்பர் வாழ்த்திலேயே எழுதியிருக்கிறார். ஒரு மாலை பால்கனியில் இருந்து ஒன்றைப் பற்றவைத்த வாசகருக்குப் பாதியிலேயே வியர்த்து, குமட்டி, நெஞ்சு படபடத்தது. பழைய சரக்கோ என்று சந்தேகப்படுகிறார்.

அவர் கேட்பவை மூன்று. சுருட்டுப் புகையை உள்ளிழுப்பதில்லையே, மாதம் ஒன்று பிடித்தால் என்ன? நண்பரின் மனம் நோகாமல் எப்படிச் சமாளிப்பது? பெட்டியை என்ன செய்வது? கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பும் இருக்கிறது: “நாக்கின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைப் படை சில மாதங்களாக இருக்கிறது. வலி இல்லை. பக்கத்துக் கடைவாய்ப்பல் கூராக இருப்பதால் உரசுகிறது என்று நினைக்கிறேன். அதற்கு எந்தப் பற்பசை நல்லது?”

அன்புள்ள வாசகருக்கு,

நான்கு பக்கம் சுருட்டைப் பற்றி எழுதிவிட்டு நாக்கைப் பற்றி மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். நான் பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். நோயாளிகள் எழுந்து கதவருகே போன பிறகு “ஒன்று கேட்க மறந்துவிட்டேன் டொக்டர்” என்பார்கள். பெரும்பாலும் அதற்காகத்தான் வந்திருப்பார்கள். உங்கள் பின்குறிப்பும் அந்த ரகம் என்றே படுகிறது.

நாக்கில் உள்ள படை

சுருட்டும் பைப்பும் பிடிப்பவர்களின் மேல் அண்ணம் வெளிறி, நடுவே சிறு சிவப்புப் புள்ளிகளுடன் தெரிவது வழக்கம். சூட்டினாலும் புகையினாலும் வருவது அது. புகைப்பதை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் மறைந்துவிடும். உங்களுடையது அண்ணத்தில் இல்லை, நாக்கின் ஓரத்தில் இருக்கிறது. அதோடு, நீங்கள் நிறுத்தி ஐந்து மாதங்களாகியும் அது போகவில்லை. இந்த இரண்டும் சேர்வதால்தான் பற்பசையின் பெயரை எழுதாமல் வைத்தியசாலைக்கு வழி எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பகல் வெளிச்சம் வரும் ஜன்னலருகே நின்று, சுத்தமான துணித்துண்டால் நாக்கின் நுனியைப் பிடித்து வலப்பக்கமாக இழுத்து, கண்ணாடியில் இடது ஓரத்தைக் கடைசிவரை பாருங்கள். படையை மெதுவாகத் துடையுங்கள். துடைத்தால் வழித்துக்கொண்டு வருவது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். துடைத்தும் போகாத வெள்ளைப் படையைக் கட்டாயம் வைத்தியர் பார்க்கவேண்டும். அதற்குள் சிவப்புத் திட்டு இருக்கிறதா, விரலுக்குத் தடிப்பாகத் தெரிகிறதா, கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள். இருந்தால் இந்த வாரமே போங்கள். இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். பதற்றமில்லாமல் போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூரான பல் உரசி வெள்ளைப் படை வருவது உண்மை. உங்கள் ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை உறுதிப்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது: பல்வைத்தியர் அந்தப் பல்லை மழுக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார். உரசல்தான் காரணம் என்றால் படை மங்கியிருக்கும். மங்காவிட்டால் மரக்கச்செய்யும் ஊசி போட்டுச் சிறு துண்டொன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இத்தகைய படைகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. மாறக்கூடிய சிலவற்றை வெறும் கண்ணால் பிரித்தறிய எந்த வைத்தியராலும் முடியாது என்பதால்தான் இந்தத் துண்டுப் பரிசோதனை. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதையும், அது ஆரம்பத்தில் வலிப்பதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். “வலி இல்லை” என்று நீங்கள் ஆறுதலாக எழுதிய வரி எனக்கு ஆறுதலாக இல்லை.

வோர்ட் பிளேஸில் உள்ள பல் போதனா வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம். பெரிய அரச வைத்தியசாலைகளில் வாய், முகம், தாடை சத்திரசிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வெற்றிலை, பாக்குப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், கலியாண வீட்டில் மட்டும் என்றாலும்கூட, அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

உள்ளிழுக்காவிட்டால் தீங்கில்லையா?

சுருட்டு ரசிகர்கள் எல்லோரும் சொல்வதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. உள்ளிழுக்காத சுருட்டுக்காரருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிகரெட்காரரைவிடக் குறைவு. ஆனால் தினமும் பிடிப்பவர்களிடம் வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றுக்கு வரும் ஆபத்து சிகரெட்டுக்குக் கிட்டத்தட்ட நிகரானது. புகை எங்கே தங்குகிறதோ அங்கேதான் வேலையைக் காட்டும்.

இதற்குக் காரணம் நீங்கள் விரும்பிப் படித்த அந்த இலைப் பக்குவத்திலேயே இருக்கிறது. சிகரெட் புகை அமிலத்தன்மை உள்ளது. அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் தோல் வழியாக எளிதில் புகாது, ஆகவே நுரையீரல்வரை இழுத்தாகவேண்டும். சுருட்டு இலையைக் காற்றில் உலர்த்தி, அடுக்கி வைத்து மாதக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். அந்தப் புகை காரத்தன்மை உள்ளது. நிக்கோட்டின் கன்னத்தின் உட்புறத்தாலும் நாக்கின் அடியாலும் நேரே இரத்தத்தில் சேர்ந்துவிடும். உள்ளிழுக்காமலேயே திருப்தி கிடைப்பது இதனால்தான். அதே புளிப்பில், புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசமைன்களும் கூடுகின்றன. அளவையும் பாருங்கள்: ஒரு சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைந்த புகையிலை, பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 17 கிராம்வரை இருக்கும்.

இப்போது உங்கள் பால்கனி அனுபவம் விளங்கியிருக்கும். சரக்கு பழசாகவில்லை. ஐந்து மாதத்தில் உங்கள் உடல் நிக்கோட்டினை மறந்துவிட்டது, பழைய வேகத்தில் இழுத்தீர்கள், தாங்கவில்லை. வியர்வை, குமட்டல், படபடப்பு மூன்றும் நிக்கோட்டின் மிகையாகும்போது வருபவை. இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு, நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் ஒரேயடியாக உயர்த்தும் இந்தப் பொருள் வேண்டாத விருந்தாளி. அன்று நெஞ்சில் இறுக்கமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ இருந்ததா? இருந்திருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். இனி அப்படி எப்போதாவது வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

மாதம் ஒன்று என்பது தினமும் ஒன்றைவிட எவ்வளவோ மேல் என்பதை மறுக்கமாட்டேன். எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்தும் குறையும். வேறொருவர் கேட்டிருந்தால் இந்தக் கணக்கைப் பேசியிருப்பேன். நாக்கில் காரணம் தெரியாத படையும் மேலே அழுத்தமும் உள்ள உங்களுக்கு அந்தப் பேரம் கிடையாது. தவிர, 25 சுருட்டு வீட்டில் இருக்கும்போது மாதம் ஒன்று என்ற வரம்பு நிற்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 இல் டொனல்சன் கோட்டையைப் பிடித்த ஜெனரல் கிராண்டின் கையில் சுருட்டு இருந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. மக்கள் நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் சுருட்டுகளை அன்பளிப்பாக அனுப்பிவிட்டார்கள். முடிந்தவரை மற்றவர்களுக்குக் கொடுத்தும் கையில் இவ்வளவு இருந்ததால்தான் பழக்கம் கூடியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜனாதிபதியாகி ஓய்வும் பெற்ற அவர் 1885 இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அனுப்பியவர்கள் அத்தனை பேரும் அவரை நேசித்தவர்கள்.

அப்பப்பா 84 வயதுவரை யாழ்ப்பாணச் சுருட்டு பிடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அதே ஊரில் 58 வயதில் போனவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

வீட்டிலுள்ள மற்ற இருவர்

மனைவிக்கு நண்பரைப் பிடிக்காது, அதனால்தான் குப்பையில் போடச் சொல்கிறார் என்பது உங்கள் கருத்து. அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நீங்கள் அந்த அரைச் சுருட்டைப் பிடித்த இரவு அவர் இரண்டு தடவை இன்ஹேலர் எடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். சிகரெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய சுருட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எரியும், அந்த நேரம் முழுவதும் நுனியிலிருந்து புகை வந்துகொண்டே இருக்கும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பால்கனிப் புகை வெளியே போவதைவிட வீட்டுக்குள் வருவதுதான் அதிகம். திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிந்தது மறுநாளும் இருக்கும். அவர் சண்டை பிடிப்பது நண்பருடன் இல்லை, தன் மூச்சுக்காக.

மகன் விஷயத்தில் என்னிடம் இரண்டாம் யோசனை இல்லை. இந்த நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் தகப்பன் ஒன்றைக் கொடுப்பதைப் பார்க்கப் பொலிஸ் வரப்போவதில்லைதான். ஆனால் 19 வயதில் மூளை நிக்கோட்டினுக்கு இலகுவில் பிடிபடும். அதைவிட முக்கியம், தன் வாழ்க்கையின் பெரிய வெற்றி நாளையும் தகப்பனின் அரவணைப்பையும் அவன் அந்த வாசனையோடு முடிச்சுப் போட்டுக்கொள்வான். அப்படி விழுந்த முடிச்சை அவிழ்க்க என்னிடம் வருபவர்கள் நாற்பது வயதில் வருகிறார்கள். ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

நண்பரிடம் என்ன சொல்வது

உண்மையைச் சொன்னால் நட்பு முறிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கட்டாரில் உங்கள் தாயார் காலமானபோது டிக்கெட்டுக்குப் பணம் புரட்டி விமானநிலையம்வரை கூட வந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு பெட்டிக்காகக் கோபிப்பாரா? அவர் தவறு ஏதும் செய்யவில்லை. சனிக்கிழமை மாலைகளில் சுருட்டோடு இருக்கும் பழைய நண்பனுக்கு அனுப்பினார். அந்த ஆள் ஐந்து மாதத்துக்கு முன்பே மாறிவிட்டான் என்ற செய்தி அவருக்குப் போகவில்லை. பெட்டியை மறைத்துவைத்து “அருமையான சுருட்டு மச்சான்” என்று எழுதினால், அடுத்த பிறந்தநாளுக்கும் ஒன்று வரும். அப்போது சொல்வது இப்போது சொல்வதைவிடக் கடினம்.

வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிடத் தொலைபேசியில் பேசுவது நல்லது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் இப்படி எழுதலாம்: “மச்சான், பெட்டி பத்திரமாக வந்தது. திறந்ததும் டோகா அறைதான் ஞாபகம் வந்தது. ஒன்று உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: பிரஷர் கூடிவிட்டதால் ஐந்து மாதமாக நான் பிடிப்பதில்லை. ஆசையில் ஒன்றைப் பற்றவைத்தேன், பாதியில் உடம்பு முடியாமல் போய்விட்டது. இனி எனக்கு இது சரிவராது. நீ அனுப்பிய மனம் எனக்குப் போதும். பெட்டியை என்ன செய்யலாம் என்று நீயே சொல்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அன்பளிப்பு உங்களுடையது, அவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனாலும் கேட்டால் அவருக்கு அதில் ஒரு பங்கு இருக்கும். இரத்த அழுத்தம் அவருக்கும் இருக்கக்கூடிய வயதுதான். உங்கள் பேச்சு அவரையும் ஒரு தடவை பரிசோதிக்க வைத்தால் கெட்டுப்போகாது.

பெட்டி

ஞாபகமாகப் பிடிக்காமல் வைத்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். சுருட்டை வைத்திருப்பது புத்தகத்தை வைத்திருப்பது போன்றதல்ல என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 65 முதல் 70 வீத ஈரப்பதம் வேண்டும். கொழும்பில் அது பெரும்பாலான நாட்களில் இதைவிடக் கூட, பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, ஊசி குத்தியது போலத் துளை விழும். ஆகவே வாரம் ஒருமுறை திறந்து, முகர்ந்து, திருப்பி அடுக்கிப் பராமரிக்கவேண்டும். பழக்கத்தை விட்ட ஒருவர் வாரம் ஒருமுறை செய்யக்கூடாத வேலை அதுதான்.

மைத்துனர் இன்னும் கொழும்பில் இருந்தால், நண்பரிடம் பேசிய பின் அவரிடமே திருப்பிக் கொடுப்பது எனக்கு ஓரளவு ஏற்புடையது. பயணி ஒருவர் தன் பாவனைக்கென 50 சுருட்டுவரை தீர்வையின்றிக் கொண்டுபோகக் கனடா அனுமதிக்கிறது. மற்றச் சுங்க விபரங்களை அவர் பார்த்துக்கொள்ளட்டும். வேறு ரசிகர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாமா என்றால், ஒரு வைத்தியர் அதற்கு ஆம் என்று எழுத முடியாது. நீங்கள் அப்படிச் செய்வதை என்னால் தடுக்கவும் முடியாது. விலையைப் பார்த்து விற்க நினைக்கவேண்டாம். யாருக்கும் கொடுக்க மனமில்லையா, மனைவியின் யோசனைதான் மிச்சம். அதுவும் நல்ல யோசனையே.

வெறும் பெட்டியையும் சுருட்டைச் சுற்றியிருக்கும் வளையங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளையங்களைச் சேர்ப்பதே உலகில் பலருக்குத் தனிப் பொழுதுபோக்கு. உங்கள் குறிப்புப் புத்தகத்தையும் மூடவேண்டியதில்லை. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வேலைசெய்பவர்களுக்கு ஒருவர் பத்திரிகையும் கதையும் உரக்க வாசிக்கும் வழக்கம் 1860களில் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் அப்படியே ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுச் சுற்றினார்கள். அரசியலும் இலக்கியமும் எழுத்தறியாத பலருக்கு அந்தக் கொட்டிலில்தான் கிடைத்தது. கடல்களுக்கு அப்பால் இருக்கும் இரண்டு ஊர்கள், ஒரே தொழில், ஒரே ஏற்பாடு. இதைப் பற்றி உங்கள் அப்பப்பா காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்களேன். ரொறன்ரோ நண்பருடன் சனிக்கிழமைகளில் பேச விஷயம் வேண்டும், இல்லையா?

ஆசை தலைதூக்கும் நாட்களில் தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நிறுத்துவதற்கு ஆலோசனை தருவார்கள். ஐந்து மாதம் தனியாகச் சமாளித்தவர் நீங்கள். அரைச் சுருட்டினால் அது அழிந்துவிடவில்லை.

முதல் வேலை நாக்கு. வைத்தியசாலைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். அதில் அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏதும் இருந்தால், துண்டு எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாக அதை நிறுத்தவேண்டாம்.